வண்டிப் பட்டறை: பெட்ரோல் பிக்கப் கேள்வி-பதில்

அமெரிக்கா, கனடா, வளைகுடா நாடுகளில் பெட்ரோல் பிக்கப் ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை. அமெரிக்க வண்டிகளுக்கு அங்குள்ள அளவுகளையே தந்திருக்கிறோம். ஒரு குவார்ட் ஏறக்குறைய 0.95 லிட்டர், ஒரு பவுண்ட் 0.45 கிலோ.

கேள்வி: 2015 ஷெவி சில்வராடோ, 5.3 லிட்டர் வி8, 1,10,000 மைல் ஓடியது. ஐடிலில் டக் டக் சத்தம். பி0300, பி0304 கோடு (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமை) வருகிறது. டீலர் லிஃப்டர் (வால்வைத் திறக்கத் தள்ளும் பாகம்) போய்விட்டது என்கிறார். நண்பரோ ஓ.பி.டி. சாக்கெட்டில் (பழுது கோடு படிக்கும் இடம்) ஒரு டிஸேப்ளர் (சிலிண்டர் நிறுத்தத்தைத் தடுக்கும் கருவி) செருகினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? — வாசகர், ஹூஸ்டன்

டீலர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நிரூபித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த இன்ஜினில் லோடு குறைவாக இருக்கும்போது 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும். ஏ.எஃப்.எம். (ஆக்டிவ் ஃப்யூயல் மேனேஜ்மென்ட்) என்பது அதுதான். அந்தச் சிலிண்டர்களின் லிஃப்டருக்குள் சின்ன லாக் பின் உண்டு. ஆயில் பிரஷர் அந்தப் பின்னைத் தள்ளினால் லிஃப்டர் மடங்கிக்கொள்ளும், வால்வு திறக்காது. ஆயில் அழுக்கானாலோ பின் தேய்ந்தாலோ மடங்கிய லிஃப்டர் திரும்பி வராது. உங்கள் கோடு 4ஆம் சிலிண்டரைக் காட்டுகிறது, அதுவும் அந்த நான்கில் ஒன்று.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. 4ஆம் சிலிண்டரின் காயிலையும் ப்ளக்கையும் 2க்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஃபயர் பி0302 ஆக மாறினால் காயிலோ ப்ளக்கோதான் கெட்டிருக்கிறது, செலவு சில நூறு டாலருக்குள் முடியும். கோடு 4இலேயே நின்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். அதிலும் குறைவு என்றால் அந்தப் பக்க வால்வு கவரைத் திறந்து இன்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மற்ற ராக்கர்கள் (வால்வை அழுத்தும் கைகள்) நன்றாக ஏறி இறங்கும்போது ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் லிஃப்டர் போனது உறுதி.

அதற்குப் பிறகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். லிஃப்டரின் ரோலர் கெட்டிருந்தால் கேம் லோபை (லிஃப்டரைத் தள்ளும் தண்டின் மேட்டை) அறுத்துவிடும். இரும்புத் தூள் ஆயிலோடு பேரிங் வரை போகும். லிஃப்டர் வேலை இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான்.

இந்த இன்ஜினில் ஹெட்டைக் கழற்றாமல் லிஃப்டரை வெளியே எடுக்க முடியாது. அதனால் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். 16 லிஃப்டர், அவற்றின் பிளாஸ்டிக் கைடு, இரண்டு ஹெட் கேஸ்கெட், புது ஹெட் போல்ட் எல்லாம் சேர்ந்தே போக வேண்டும். ஹெட் போல்ட் ஒரு முறை இறுக்கும்போதே நீண்டுவிடும் வகை, பழையதைத் திரும்பப் போடக்கூடாது. கேம் லோப்களை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் கேமும் மாற்ற வேண்டும்.

டிஸேப்ளர் மோசமான பொருள் இல்லை. அது வண்டியை எப்போதும் 8 சிலிண்டரிலேயே ஓட வைக்கும், லாக் பின்னுக்கு வேலை குறையும், மைலேஜ் சற்றுக் குறையும். நன்றாக ஓடும் வண்டியில் போட்டால் பயன் உண்டு. ஏற்கெனவே கெட்ட லிஃப்டரை அது சரிசெய்யாது. நிரந்தரமாக ஏ.எஃப்.எம்.மை ஒழிக்க வேண்டுமென்றால் சாதாரண லிஃப்டர், வேறு கேம், வேறு வேலி கவர் (இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவிலுள்ள மூடி), கம்ப்யூட்டரில் புது புரோகிராம் என நான்கும் தேவை. ஏ.எஃப்.எம். கேமில் அந்த நான்கு சிலிண்டரின் லோப் வடிவமே வேறு. லிஃப்டரை மட்டும் மாற்றிவிட்டு 'டிலீட் செய்தாச்சு' என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள்.

வேலை முடிந்த பின் 8 குவார்ட் 0டபிள்யூ-20 டெக்ஸோஸ் (ஜி.எம். தர முத்திரை) ஆயிலை 5,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுங்கள். டேஷ்போர்டில் காட்டும் ஆயில் லைஃப் சதவீதம் பூஜ்யமாகும்வரை காத்திருப்பது இந்த லிஃப்டர்களுக்கு நல்லதல்ல.

கேள்வி: 2006 ஃபோர்ட் எஃப்-150, 5.4 லிட்டர். ஸ்பார்க் ப்ளக் நானே மாற்றலாமா? உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். — வாசகர், டல்லாஸ்

பயம் நியாயமானதே. இந்த 3-வால்வு இன்ஜினின் பழைய ப்ளக் இரண்டு துண்டாகச் செய்து இணைத்தது. அடியில் உள்ள நீண்ட குழாய்ப் பகுதி ஹெட்டின் துளைக்குள் நுழைந்து நிற்கும். அதைச் சுற்றிக் கரி படிந்து இறுகிவிடும். மேலே திருகினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும், கீழ்பாதி உள்ளேயே தங்கும்.

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ப்ளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்திவிட்டுக் குழிக்குள் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். 15 நிமிடமாவது விடுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் இன்னும் நல்லது. பிறகு கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக. கிரீச் என்று இறுக்கம் கூடினால் நிறுத்தி மறுபடி கிளீனர் விடுங்கள். இம்பாக்ட் கன் பக்கமே போக வேண்டாம். எட்டு ப்ளக்குக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

உடைந்தாலும் உலகம் முடியாது. மீந்த செராமிக்கைக் கீழே தள்ளி, குழாய்க்குள் மரை வெட்டி இழுக்கும் கருவி இதற்கென்றே விற்கிறது. வேலை தொடங்குமுன் அது கையில் இருக்கட்டும். திரும்பப் போடும்போது ஒரே துண்டாகச் செய்த மாற்று ப்ளக்கைப் போடுங்கள். பழைய வகையையே போடுவதென்றால் நிக்கல் ஆன்டி-சீஸ் கிரீஸை அடிக்குழாயில் மெல்லியதாகத் தடவுங்கள், மரையில் வேண்டாம். 25 பவுண்ட்-அடி டார்க்கில் இறுக்குங்கள்.

இன்னொன்று. இன்ஜின் சூடான பின் ஐடிலில் டீசல் வண்டிபோலத் தட்டினால் அது ப்ளக் சங்கதி இல்லை. கேம் ஃபேஸரும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) டைமிங் செயின் டென்ஷனரும். ஆயில் பிரஷரை மெக்கானிக்கல் கேஜ் வைத்து அளந்து பார்த்துவிட்டே செலவு செய்யுங்கள்.

கேள்வி: கதவில் உள்ள ஸ்டிக்கரில் 1,480 பவுண்ட் என்று இருக்கிறது. 6,500 பவுண்ட் டிரெய்லர் இழுக்கப் போகிறேன். வண்டி 9,000 வரை இழுக்கும் என்று கம்பெனி சொல்கிறது. பின் ஸ்பிரிங்குக்கு உதவியாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் போதுமா? — வாசகர், அட்லாண்டா

போதாது. 9,000 என்பது விளம்பர எண்; உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த 1,480தான், அதாவது ஆட்களும் சரக்கும் சேர்ந்து வண்டி சுமக்கக்கூடிய எடை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் (டிரெய்லரைக் கோக்கும் இணைப்பு) இறங்கும். 12 சதவீதம் என்று வைத்தால் 780. ஐந்து பேர் 700. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சே 90 பவுண்ட் இருக்கும். கூட்டினால் 1,570, ஐஸ் பெட்டியும் அரிசி மூட்டையும் ஏற்றுவதற்கு முன்பே 90 பவுண்ட் கூடுதல்.

ஏர் பேக்கும் கூடுதல் பட்டையும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. ஆக்ஸில், பிரேக், டயர், ஃபிரேம் எதுவும் மாறவில்லை, ஸ்டிக்கர் எண்ணும் மாறாது. டிரெய்லர் பின்னால் அழுத்தும்போது முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகும். அந்த எடையை முன்னுக்கு அனுப்புவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மட்டுமே. இரண்டு பேரை வேறு காரில் வரச் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும். டிரெய்லரை லோடு ஏற்றிய பின், நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. 2 அங்குல லெவலிங் கிட் போட்டு 285/70ஆர்17 டயர் மாட்டலாமா? — வாசகர், பீனிக்ஸ்

போடலாம். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) தலையில் வைக்கும் ஸ்பேசர் 1 அங்குலம் என்றால் வண்டி ஏறக்குறைய 2 அங்குலம் உயரும்; ஸ்ட்ரட் கன்ட்ரோல் ஆர்மின் நடுவில் அமர்ந்திருப்பதால் வரும் கணக்கு இது. 2 அங்குலம் உயர 2 அங்குல ஸ்பேசர் என்று வாங்கி மாட்டிவிட்டு, மேல் ஆர்ம் காயிலில் இடிக்கிறது, பால் ஜாயின்ட் ஆறே மாதத்தில் போகிறது என்று வருபவர்கள் நிறைய. ஒரு ஸ்பேசர் மேல் இன்னொன்று அடுக்குவது அதைவிட மோசம். நான்கு சக்கர டிரைவ் என்றால் முன் ஆக்ஸில் ஜாயின்டின் கோணமும் கூடும். பூட் (ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

இப்போது இருப்பது 265/70ஆர்17 டயர் என்றால் அதன் உயரம் 31.6 அங்குலம், 285 போட்டால் 32.7. வித்தியாசம் 3.5 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 62இல் போவீர்கள், ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றச் சொல்லுங்கள். அலைன்மென்ட் அன்றைக்கே. ஹெட்லைட்டைக் கீழே இறக்க மறக்காதீர்கள், எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். அடிக்கடி டிரெய்லர் இழுப்பவரானால் இந்தக் கிட்டே வேண்டாம். முன்பக்கம் தாழ்ந்திருப்பது பின்னால் லோடு ஏறும்போது வண்டி மட்டமாக நிற்பதற்காகத்தான்.

கேள்வி: 3.5 ஈகோபூஸ்ட்டுக்கு (ஃபோர்டின் டர்போ இன்ஜின்) டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வேறு புரோகிராம்) போட்டால் வாரன்டி போகுமா? — வாசகர், டெட்ராய்ட்

வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரன்டியை ரத்து செய்யக்கூடாது என்று 1975இல் வந்த மேக்னஸன்–மாஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பழுது என்று காட்டினால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். டியூன் போட்ட வண்டியில் பிஸ்டன் போனால் கம்பெனி எந்தப் பக்கம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். 'பழைய டியூனுக்குத் திரும்பினால் தெரியாது' என்பதை நம்ப வேண்டாம்; புரோகிராம் மாறிய தடம் கம்ப்யூட்டரில் இருக்கும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் எதுவும் நாடு முழுக்கச் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் இன்டேக் கிட்டுக்குக்கூட ஏர் ரிசோர்சஸ் போர்டின் (மாநிலக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி எண் வேண்டும். பணம் செலவழித்தே தீருவேன் என்றால் முதலில் பெரிய இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது). வெயிலில் லோடு இழுக்கும்போது வித்தியாசம் தெரியும். 93 ஆக்டேன் டியூன் போட்டு 87 பெட்ரோல் அடிப்பவரை யாராலும் காப்பாற்ற முடியாது. (அமெரிக்க 87 என்பது நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 91. எண்ணைப் பார்த்துத் தாழ்ந்த பெட்ரோல் என்று நினைக்க வேண்டாம்.)

கேள்வி: பழைய 2022 டொயோட்டா டன்ட்ரா விலைக்கு வருகிறது. வாங்கலாமா? — வாசகர், நியூ ஜெர்சி

2022, 2023 மாடல் வி6 டர்போ இன்ஜினுக்குள் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகளால் மெயின் பேரிங் கெட்டது. 2024 மே மாதம் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,02,000 வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணை என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் வேலை முடிந்த பட்டியல் கையில் கொடுத்தால் வாங்கலாம். 'சத்தமே இல்லை சார்' என்ற வாய்ச்சொல் போதாது. 2021–2024 ஜி.எம். 6.2 லிட்டர் வண்டிக்கும் இதே சோதனை. அது 2025 ஏப்ரலில் திரும்ப அழைக்கப்பட்டது.

கேள்வி: 2014 எஃப்-150 ஈகோபூஸ்ட். கேட்ச் கேன் போடலாமா? அடியில் துரு வேறு பிடிக்கிறது. — வாசகர், பிராம்ப்டன்

உங்கள் இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வைக் கழுவ ஒன்றும் இல்லாததால் ஆயில் ஆவி அதில் கரியாகப் படியும். கேட்ச் கேன் அந்த ஆவியில் ஒரு பகுதியைப் பிடிக்கும். ஆனால் ஒன்டாரியோ குளிரில் அதில் சேருவதில் பெரும்பகுதி தண்ணீர். வாராவாரம் காலி செய்யாவிட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும், கிராங்க் கேஸில் பிரஷர் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும். மறதி உள்ளவர் போடாமல் இருப்பதே நல்லது. கரி தொல்லை கொடுக்கும்போது வால்நட் ஓட்டுத் தூளால் வால்வைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

துருதான் உங்கள் வண்டிக்கு உண்மையான எமன். உப்புச் சாலைக்கு முன், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் எண்ணெய் வகை ஸ்பிரே அடியுங்கள். ஃபிரேமின் உட்புறம், பிரேக் லைன், பெட்டியின் அடிச்சட்டம், கதவுக்கு உள்பக்கம் வரை போக வேண்டும். கெட்டியான ரப்பர் பூச்சு பழைய வண்டிக்கு ஆகாது. அது விரிசல் விட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கி, வெளியே பளபளப்பாக இருக்க ஃபிரேம் செல்லரித்துப் போகும். சுத்தியலால் ஃபிரேமை அங்கங்கே தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கம்பெனி ஹைலக்ஸ் 2.7 பெட்ரோல். மதியம் ஏசி போட்டு நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. — வாசகர், ரியாத்

நின்றால் ஏறி ஓடினால் இறங்குவது காற்றோட்டக் குறைவு. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணலும் பூச்சியும் அடைந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுமாறு குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள்; பிரஷர் கன் ஃபின்னை மடக்கிவிடும். பிறகு ஃபேன் கிளட்ச். சூடான இன்ஜினை நிறுத்தி ஃபேனைக் கையால் சுழற்றினால் பிடிமானம் தெரிய வேண்டும். தன்பாட்டுக்குப் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள், கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. ஏர் ஃபில்டரை உயர் அழுத்தக் காற்றால் ஊதினால் தாள் கிழியும். தட்டிப் பார்த்து, தூசி போகாவிட்டால் புதிது போடுங்கள்.