தங்கச்சிமடம் வீட்டிலிருந்து பார்த்த மத்திய அரசு வேலை: ‘தினமும் அலுவலகம் வா’ என்று ஆணை வந்தால் என்ன செய்வது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். மகளுக்கு 9 வயது. என்னை நம்பியிருக்கும் அம்மாவுக்குப் பக்கவாதம். மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சம்மதித்ததால் மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே இ-ஆபிஸில் (கணினிவழிக் கோப்பு முறை) கோப்பு பார்த்து வந்தேன். இப்போது 1ஆம் தேதி முதல் எல்லோரும் தினமும் வர வேண்டும் என்று ஆணை. சிலர் சேர்ந்து மறுத்துவிடலாம் என்கிறார்கள், அமெரிக்காவில் எதிர்த்தார்களே என்கிறார்கள். எம்.பி.யிடம் கடிதம் வாங்கு என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. 1ஆம் தேதி காலை நீங்கள் சென்னையில் உங்கள் இருக்கையில் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதற்கு அப்புறம் கேட்கலாம்.

மத்திய அரசு ஊழியருக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஓர் உரிமையாக எந்த விதியிலும் இல்லை. கொரோனா காலத்தில் கொடுத்தது தற்காலிக ஏற்பாடு. 2022 பிப்ரவரி 7 முதல் எல்லோரும் முழுமையாக அலுவலகம் வர வேண்டும் என்று மத்திய அரசின் பணியாளர் துறை அதை முடித்துவைத்தது. 2020 மே மாதம் ஆண்டுக்கு 15 நாள் வீட்டிலிருந்து வேலை என்று ஒரு வரைவு சுற்றுக்கு வந்தது உண்மைதான். ஆனால் வரைவைக் காட்டி விடுப்புக் கணக்கை நேர் செய்ய முடியாது. உங்களுக்குக் கிடைத்தது ஓர் அதிகாரியின் நல்ல மனசு. அவர் மாறினாலோ, அவருக்கு மேலே இருந்து கேள்வி வந்தாலோ அது நிற்காது.

நான் நிர்வாகப் பிரிவில் இருந்தபோது இதே போல வாய்வார்த்தையை நம்பி ஊரில் தங்கிவிட்ட ஒருவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. மூன்று வாரத்தை அனுமதியில்லாத விடுப்பு என்று எழுதிவிட்டார்கள். அவர் அந்த நாள்களில் வேலை பார்த்தது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் காட்ட ஒரு வரி எழுத்து இல்லை. சம்பளமும் போனது, அந்த நாள்கள் பணிக்கணக்கிலும் சேரவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம். ஆகவே இதுவரை நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்த தேதிகளையும் அன்றைக்கு நகர்த்திய கோப்பு எண்களையும் இப்போதே குறித்து வையுங்கள். அதிகாரி அனுப்பிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். பின்னால் யாராவது கேட்டால் அதுதான் பேசும்.

அமெரிக்கக் கதை வேறு. அங்கே 2010இல் தொலைப்பணிக்கென்றே, அதாவது அலுவலகம் வராமல் வேறிடத்திலிருந்து வேலை பார்ப்பதற்கென்றே, ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஊழியரும் மேலாளரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். பல தொழிற்சங்கங்களின் ஒப்பந்தங்களிலும் தொலைப்பணி பற்றிய பிரிவு இருந்தது. 2025 ஜனவரி 20 அன்று ஜனாதிபதி எல்லோரையும் அலுவலகம் திரும்பச் சொன்னபோது, எதிர்த்தவர்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதமாவது இருந்தது. நம் கையில் அது இல்லை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 7ஆம் விதிப்படி வேலைநிறுத்தம் கூடாது. சேர்ந்து வராமல் இருந்தால் அதற்குள் மாட்டிக்கொள்வீர்கள். கோபம் நியாயம்தான். அதை அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாகக் கொண்டுபோகலாம், அது சரியான பாதை.

எம்.பி. கடிதம் வேண்டவே வேண்டாம். பணி விஷயத்தில் வெளியிலிருந்து செல்வாக்கைக் கொண்டுவருவது அதே நடத்தை விதிகளில் 20ஆம் விதிப்படி தவறு. கடிதம் கொடுக்கிறவர் நல்லெண்ணத்தில் கொடுப்பார், விளக்கம் கேட்டு மெமோ வருவது உங்களுக்குத்தான்.

சென்னையிலேயே வீடு உள்ள உங்கள் சக ஊழியர்களில் சிலர் இந்த ஆணையை வரவேற்பார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். நேரில் வருகிறவருக்குப் பதில் சொல்வது, காகிதக் கோப்பைத் தேடி எடுப்பது எல்லாம் இத்தனை நாளும் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்து மின்சாரமும் இணையமும் போன நாள்களில் உங்கள் கோப்பும் அவர்களிடம்தான் போயிருக்கும்.

சரி, விதிக்குள் என்ன இருக்கிறது? உங்களுக்குப் பெரிய துணை, குழந்தை பராமரிப்பு விடுப்பு. மகளுக்கு 18 வயதாகும் வரை, பணிக்காலம் முழுவதுக்கும் சேர்த்து 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஒரு தடவை எடுத்தால் குறைந்தது 5 நாள், ஒரு காலண்டர் ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் கிடையாது. அந்த மூன்றை வீணாக்காதீர்கள். இதுவும் கேட்டவுடன் கிடைத்தே தீரும் உரிமை இல்லை, முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். மார்ச் கணக்கு முடிப்பு நேரத்தில் கேட்டால் எந்த அதிகாரியும் தயங்குவார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள இந்த விடுப்பு பொருந்தாது. அதற்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பும் 20 நாள் அரைச் சம்பள விடுப்பும் இருக்கின்றன.

தற்செயல் விடுப்பு 8 நாள்தான், அதைக் காப்பாற்றுங்கள். ஞாயிறு ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறி திங்கள் காலை நேராக அலுவலகம் போகலாம் என்று நினைப்பீர்கள். பாம்பனில் காற்று எல்லை மீறினால் ரயிலை நிறுத்திவைப்பார்கள், புதுப் பாலம் வந்த பிறகும் அப்படித்தான். தாமதமாக வந்த ஒவ்வொரு நாளுக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும். ஒரு மணி நேரத்துக்குள் தாமதமானால் மாதத்தில் இரண்டு முறை மன்னிக்கலாம், அவ்வளவே. வாடைக்காற்று மாதங்களில் ஞாயிறு காலையே கிளம்பிவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு மாறுதல்தான். கணவனும் மனைவியும் கூடுமானவரை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று 2009 செப்டம்பர் 30 தேதியிட்ட பணியாளர் துறை குறிப்பாணை சொல்கிறது. ஒருவர் மத்திய அரசு, மற்றவர் மாநில அரசு என்றாலும் பொருந்தும். மகளின் வயதையும் அதில் காட்டி எழுதலாம். ஆனால் இது வழிகாட்டுதல் மட்டுமே. இப்படிப்பட்ட வழிகாட்டுதலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் துறைக்கு ராமநாதபுரத்திலோ, அது இல்லாவிட்டால் மதுரையிலோ அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்குமே இல்லையென்றால் அயற்பணி, அதாவது சில காலத்துக்கு வேறு துறையில் போய் வேலை பார்ப்பது. மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடலோரக் காவல்படை என்று மத்திய அரசு இடங்கள் உண்டு. கணக்குப் பணிக்கான அறிவிப்பு வருகிறதா என்று தொடர்ந்து கவனியுங்கள்.

விருப்ப மாறுதலுக்கு விலை உண்டு. வேறு பணிமூப்புப் பட்டியலுக்குப் போனால் அங்கே கடைசி ஆளாகச் சேர்வீர்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும். பயணப்படி கிடையாது. 7ஆவது ஊதியக் குழு கணக்கில் சென்னையில் 30 சதவீதமாக இருக்கும் வீட்டு வாடகைப்படி ராமநாதபுரத்தில் 10 சதவீதம். இரண்டு வீடு நடத்தும் செலவையும் வாரம் ஒரு ரயில் டிக்கெட்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என் கருத்தில் உங்களுக்கு ஊருக்கு வருவதே லாபம், அம்மாவும் மகளும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அவரைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கக் கேட்கலாம். ஊருக்கு வந்த பிறகு உங்களை அங்கேயே இருத்திவைக்க அது உதவும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப்போக இந்த மாதமே நாள் பாருங்கள்.

மாறுதல் மனுவை அலுவலகம் திரும்பிய முதல் வாரத்திலேயே மேலதிகாரி வழியாகக் கொடுங்கள். கணவரின் பணிச்சான்று, மகளின் பள்ளிச் சான்று, அம்மாவின் மருத்துவக் காகிதங்களை இணையுங்கள். அதில் ஆணையைப் பற்றிக் குறையாக ஒரு வரியும் வேண்டாம். கொடுத்ததற்கு டைரி எண் (மனுவைப் பதிந்துகொண்ட எண்) வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துவந்த மடிக்கணினியை 1ஆம் தேதி ஒப்படைக்கும்போதும் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்.