உரிமைத் தொகையிலும் அபராதமா? 2,832 ரூபாய்க்கு வழக்குப் போடலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது தொடங்கிய சம்பளக் கணக்கு. வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இப்போது மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மட்டும்தான் அதில் வருகிறது. எட்டு மாதமாக, மாதம் 354 ரூபாய் பிடிக்கிறார்கள். கேட்டால், ‘மினிமம் பேலன்ஸ் இல்லை, சிஸ்டமே பிடிக்குது’ என்கிறார் மேனேஜர். கோர்ட்டுக்குப் போனால் வக்கீலுக்குத்தான் அதிகம் ஆகும் என்கிறார் கணவர். விட்டுவிடவா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: விடாதீர்கள் சகோதரி. 354 என்பது 300 ரூபாய் அபராதமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். எட்டு மாதத்துக்கு 2,832 ரூபாய், ஏறக்குறைய மூன்று மாத உரிமைத் தொகை போய்விட்டது. 2023 செப்டம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியபோதே சில வங்கிகள் இதே வேலையைச் செய்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டி வந்தது.

சிஸ்டம் பிடிக்கிறது என்பதெல்லாம் பதிலே இல்லை. 2015 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்தால் முதலில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், அப்புறம்தான் பிடிக்கலாம், அதுவும் குறைகிற தொகைக்கு ஏற்ற மாதிரி. அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. உங்கள் வழக்கே ‘தெரிவித்தார்களா’ என்ற இடத்தில்தான் நிற்கும். கம்பெனியில் இருந்தபோது கொடுத்த போன் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? அது மாறியிருந்தால் ‘நாங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்பினோம்’ என்று வங்கி தப்பிக்கப் பார்க்கும், அதனால் எந்தத் தேதியில் எப்படித் தெரிவித்தீர்கள், சம்பளக் கணக்கைச் சாதாரணக் கணக்காக எப்போது மாற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மேனேஜரிடம் வாயால் கேட்டது கணக்கில் வராது. பாஸ்புக் என்ட்ரி நகலோடு மனு கொடுத்து, இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். ஆனால் கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது அதே புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார், ஆகவே கோர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைதீர்ப்பாளரிடமும் நடக்கவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வங்கியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நீங்களே நின்று பேசலாம். பிடித்த பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் செலவுத் தொகையும் கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். கணவரிடம் இதைக் காட்டுங்கள்.

அதே மனுவிலேயே, கணக்கை மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படியும் எழுதுங்கள். அடுத்த உரிமைத் தொகை வரும் 15-ஆம் தேதிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னொரு 354 போய்விடும்.