வேலா கண்ட ஒளி: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1979 செப்டம்பர் 22 அன்று தென்கடலில், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணித்த அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் பதிவுசெய்த ஒளி அணுவெடிப்பா என்று இன்னும் வாதிடுகிறார்கள். என் செல்போனே நான் நிற்கும் தெருமுனையைச் சொல்லிவிடுகிறது. ராணுவச் செயற்கைக்கோளுக்கு இடம் தெரியாமல் போகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகும். வேலாவில் இருந்த பாங்மீட்டர் கேமரா அல்ல, வெறும் சிலிக்கான் ஒளியுணரி. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, வெளிச்சம் ஏறி இறங்கும் விதத்தை மட்டும் அது பதியும்.

காற்றில் வெடிக்கும் அணுகுண்டு இருமுறை ஒளிரும். முதல் பளிச்சிடலுக்குப் பின், அதிர்ச்சியலை சூடாக்கிய காற்று திரைபோல நின்று உள்ளே இருக்கும் தீக்கோளத்தை மறைக்கும். அலை விரிந்து ஆறியதும் திரை விலகும், மீண்டும் ஒளி வரும். 20 கிலோடன் குண்டுக்கு நடுவில் வரும் மங்கல் சுமார் 10 மில்லிவிநாடியில், இரண்டாம் உச்சம் சுமார் 150 மில்லிவிநாடியில். இதைக்கொண்டு குண்டின் வலிமையைக் கணக்கிடலாம், இடத்தை அல்ல.

அன்று பதிந்ததும் ஒரே செயற்கைக்கோள். ஆகவே பல ஆயிரம் கிலோமீட்டர் அகன்ற கடல்வெளிதான் கையில் மிஞ்சியது. போதாததற்கு, அதிலிருந்த இரண்டு பாங்மீட்டர்களின் அளவுகளும் வழக்கத்துக்கு மாறாக ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1980ல் வெள்ளை மாளிகை அமைத்த அறிவியலாளர்களின் ரூயினா குழு 'அநேகமாக அணுவெடிப்பு அல்ல' என்றதற்கு முக்கியக் காரணம் அதுதான். அட்லாண்டிக்கில் உள்ள அசென்ஷன் தீவுப் பக்கம் கடலடி ஒலிவாங்கிகளில் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு அது குண்டாகவே படுகிறது.

இடம் வேண்டுமென்றால் அதே ஒளியைப் பல செயற்கைக்கோள்கள் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இதற்கான உணரிகள் உண்டு. ஒளி ஒவ்வொன்றையும் அடையும் நேர வித்தியாசமே கணக்கு. ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். உங்கள் போன் கேட்பது இதற்கென்றே வடிவமைத்து ஓயாமல் அனுப்பப்படும் சமிக்ஞை; குண்டு ஒரே ஒருமுறைதான் வெடிக்கும். மேகம் ஒளியைச் சிதறடித்துத் தாமதிக்கும். எல்லாச் செயற்கைக்கோளுக்கும் ஒரே தாமதம் என்றால் கழித்தலில் அடிபட்டுப்போகும். திசைக்குத் திசை மாறினால்தான் தொல்லை.

நிலத்தடி வெடிப்பில் ஒளியே வெளிவராது. அங்கே முதல் தகவல் நில அதிர்வு நிலையங்களிலிருந்துதான். ஆனால் 2017 செப்டம்பர் 3 வடகொரியச் சோதனைக்குப் பின், டெர்ராசார்-எக்ஸ் என்ற ஜெர்மன் செயற்கைக்கோளின் ரேடார் படங்களை ஒப்பிட்டபோது சோதனை நடந்த மாண்டாப் மலையின் சரிவு மூன்று மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது தெரிந்தது. அந்த நகர்வை வைத்தே வெடித்த இடத்தையும் ஆழத்தையும் கணித்தார்கள். படம் வர நாட்கள் ஆகும், அவ்வளவுதான்.