ஏர்ஃப்ளோ சென்சாரில் சின்னப் பெட்டி மாட்டினால் காரின் பவர் கூடுமா?

பெங்களூரில் ஒரு கடையில், ஏர்ஃப்ளோ சென்சார் வயரில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினால் 15 பிஎச்பி கூடும் என்கிறார்கள், மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டாதீர்கள். அல்சூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரோடு வேலை பார்க்கிறவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சென்சார் காற்றை உள்ளே இழுப்பதில்லை, அளக்க மட்டுமே செய்கிறது. சூடேற்றிய ஒரு மெல்லிய படலத்தை உள்ளே போகும் காற்று குளிர வைக்கும். சூட்டைத் தக்க வைக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறது என்பதை வைத்து நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று ஈசியூவுக்கு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, அதற்கேற்ப ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் அது பெட்ரோல் விடுகிறது. தராசுத் தட்டை விரலால் அழுத்தினால் முள்தான் நகரும், அரிசி கூடாது. பெட்டி செய்வதும் அவ்வளவுதான்.

பொய்க் கணக்கு இரண்டு விதமாக வரலாம். காற்று அதிகம் என்று சொன்னால் பெட்ரோல் கூடும், ஆனால் சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துக் குறைத்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் பெரும்பாலும் வேலை செய்யாது, ஆனால் அங்கே கம்பெனியே பெட்ரோலைத் தாராளமாக வைத்திருக்கிறது, அதற்கு மேலும் ஊற்றினால் பவர் இறங்கத்தான் செய்யும், மைலேஜும் போகும், எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். இன்னொரு விதம்தான் எனக்குப் பயம். காற்று குறைவு என்று சொன்னால் என்ஜினுக்கு லோடு குறைவு என்று நினைத்து ஈசியூ ஸ்பார்க்கைக் கொஞ்சம் சீக்கிரமாகவே கொடுக்கும், பெட்ரோலையும் குறைக்கும். அப்போது பிக்கப் வந்தது போல நன்றாகத் தெரியும், கடைக்காரர் ஓட்டிக் காட்டுவதும் அதைத்தான், ஆனால் வெயிலில் நாலு பேரோடு நந்தி மலை ஏறும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது) வந்து பிஸ்டனே போகலாம்.

எங்களிடம் வந்த ஒரு சின்ன பெட்ரோல் காரில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது. அந்த மாதிரிப் பல கார்களில் என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் சூட்டையும் வைத்துத்தான் கணக்கு. "ஏர்ஃப்ளோ சிப்" என்று விற்றது சூட்டை அளக்கும் வயரில் கோத்த ஒரு ரெசிஸ்டர். மே மாத மத்தியானத்தில் ஸ்கேனர் மைனஸ் 8 டிகிரி என்று காட்டியது! குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று நம்பி அந்த ஈசியூ பாவம் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தது.

இந்த நம்பிக்கை ஒன்றும் இல்லாததிலிருந்து வரவில்லை. எழுபதுகளின் பழைய சிஸ்டங்களில் காற்று தள்ளித் திறக்கும் ஒரு மடலும் அதற்கு ஸ்பிரிங்கும் இருந்தன, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் கலவை மாறும். இன்றைய காருக்கு அது பொருந்தாது.

சென்னையிலிருந்து வந்தவர்கள் இங்கே கார் மந்தமாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1.5 லிட்டர் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு அதிகபட்சம் 75 லிட்டர் காற்று இழுக்கும் என்று வைத்தால், அதே 30 டிகிரி சூட்டில் சென்னையில் அது சுமார் 87 கிராம், இங்கே சுமார் 78. அந்த 9 கிராமை எந்த ரெசிஸ்டரும் கொண்டுவராது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் பெருமளவு ஈடுகட்டும்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் காரில் நிஜமாகவே ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பெங்களூர்த் தூசியும், எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரிலிருந்து வரும் பிசுக்கும் படலத்தில் ஒட்டினால் அளவு தப்பாகி நிஜமாகவே பவர் குறையும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும் வாங்குங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், படலத்தைத் துணியாலோ விரலாலோ தொடவே தொடாதீர்கள். காய்ந்த பிறகு மாட்டி ஸ்கேனரில் பாருங்கள், சூடான 1.5 லிட்டர் என்ஜின் ஐடிலில் பொதுவாக நொடிக்கு 2 முதல் 4 கிராம் காட்டும்.

சென்சாரை முறையாக மாற்றும் வேலையும் உண்டு. பெரிய டர்போ போட்டவர்கள் அகலமான குழாயில் சென்சாரை வைத்து, அதற்குரிய அளவு அட்டவணையை ஈசியூவில் திருத்தி எழுதி, பவரை அளக்கும் மெஷினான டைனோவில் ஏற்றிச் சரிபார்ப்பார்கள். அதற்குப் போவதற்கு முன் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கும் 182ஏ பிரிவையும் பாருங்கள், இன்சூரன்ஸ்காரர்களிடமும் கேளுங்கள்.

பெங்களூரில் கார் உதிரிபாகம் விற்கும் ஜே.சி. ரோட்டில் யாராவது மறுபடி அந்தப் பெட்டியை நீட்டினால், மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே கியரில் எடுத்த டைனோ சார்ட்டும் காற்று–பெட்ரோல் விகிதப் பதிவும் காட்டச் சொல்லுங்கள்.