கோழிப் பண்ணையும் சங்கமும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே அப்பா காலத்திலிருந்து கோழி வளர்க்கிறோம், வட்டாரக் கோழிப் பண்ணையாளர் சங்கப் பொறுப்பிலும் நெடுநாள் இருந்திருக்கிறேன். கோழி, சங்கம் இரண்டைப் பற்றியும் கேளுங்கள்.

டோங்காட் தம்பி: மாமா, முதல் தடவையாக நூறு குஞ்சு இறக்கப் போகிறேன். முதல் வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே விளக்கைப் போட்டுத் தரையைச் சூடாக்கிவிடு. காற்று சூடாக இருந்து தரையில் பரப்பிய மரச்சீவல் குளிர்ந்து கிடந்தால் குஞ்சுகள் தீவனத்தை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒண்டும், அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். குஞ்சின் முதுகு உயரத்தில் 32, 33 டிகிரி இருக்கட்டும். வெப்பமானி இருந்தாலும் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உன் கன்னத்தில் வைத்துப் பார், சில்லென்று இருந்தால் சூடு போதவில்லை. மறுநாள் காலை கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பார். மெத்தென்று நிரம்பியிருந்தால் சரி, கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. மின்வெட்டுக்கு முன்கூட்டியே கேஸ் ஹீட்டர் வாங்கி வை.

இன்னொன்று, யாருக்கும் சொல்வதுதான்: கோழி திடீரென்று சாக ஆரம்பித்தால் அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவருக்கும் பக்கத்துப் பண்ணைக்கும் போன் போடு.

ஃபீனிக்ஸ் அக்கா: கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை அக்கா. 35 நாளில் இரண்டு கிலோ வருவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான்.

வெருலம் வாசகர்: ஐயா, இத்தனை வருஷம் சங்கத்தை நடத்தினீர்கள். தலைவருக்கு அப்படி என்ன வேலை?

மேடை, மாலை எல்லாம் ஒரு நாள் கூத்து. 2021 ஜூலைக் கலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்3 நெடுஞ்சாலை மூடியது, தீவன லாரி வரவில்லை. கோழிக்கு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல முடியுமா, பசித்தால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிடும். யார் கொட்டகையில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று இரவோடு இரவாகப் போனில் கேட்டு எழுதினோம். பெரிய பண்ணைக்காரர் சிலருக்கு மனசே இல்லை, அவர்களோடு பேசிப் பேசித்தான் மூட்டை வாங்கினேன். ஐம்பது கோழி வைத்திருந்த ஜுலு அம்மாக்களுக்கும் அதில் பங்கு போனது. சந்தா கட்டாதவருக்கு ஏன் என்று கேட்டார்கள். அவர் கோழி செத்து நோய் கிளம்பினால் நம் வேலி அதைத் தடுக்காது என்றேன். தலைவர் வேலை என்றால் அந்த ராத்திரி போன் வேலைதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்: போன் போடு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். சொன்னால் மொத்தக் கோழியையும் அழிப்பார்கள், கையில் ஒரு ராண்ட் வராது. சொல்பவன்தான் ஏமாளி.

உங்கள் கோபம் நியாயம் அண்ணே. 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடம் இருக்கிறது, கைக்கு வருவதுதான் பெரும்பாடு. சங்கம் போராட வேண்டிய இடம் அது, போராடவும் வேண்டும். ஆனால் நோயை மறைத்தால் அது ஊரெல்லாம் பரவும், அதை நான் ஏற்கவே மாட்டேன். 2023-இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துப் பக்கம் எச்7என்6 பறவைக் காய்ச்சல் பரவியபோது முட்டைக் கடைகளில் ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள், மறந்துவிட்டதா?

சாட்ஸ்வொர்த் தம்பி: அந்த அண்ணன் சொல்வதுதான் சரி. உயிர்க்கோழியை அவசரமாக விற்றால் போட்ட காசாவது தேறும்.

அப்படி விற்ற கோழி எங்கே போகிறது என்று யோசித்தாயா தம்பி? முட்டை ஓய்ந்த கோழியை பக்கியில், அதாவது சின்னத் திறந்த வண்டியில், ஏற்றி வந்து அம்மன் பூசைக்கென்று தெருத்தெருவாக விற்கிறார்கள். ஒரே கூண்டு பத்து வீட்டு வாசலில் நிற்கிறது, அங்கே விழும் எச்சம் யாரோ ஒருவர் செருப்பில் ஒட்டி அவர் வீட்டுக் கோழிக்குப் போகிறது. 2017-இல் எச்5என்8 பறவைக் காய்ச்சல் வந்தபோதுதான் உயிர்க்கோழி விற்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், யாரிடம் வாங்கி யாருக்கு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று ஆனது. பூசைக்கு வாங்குபவர்களும் பதிவு உள்ளவரிடமே வாங்குங்கள். தலை தொங்கும் கோழியை அம்மன் வாசலுக்குக் கொண்டுபோகவா நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்: பேசுவது சரி, கடனை யார் கட்டுவது?

கடன் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி சங்கம் வங்கியிடம் எழுதிக் கேட்கலாம், நாங்கள் கேட்டிருக்கிறோம், சிலருக்குக் கிடைத்தது. தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சந்தா அதற்குத்தான் அண்ணே.

ஸ்டாங்கர் வாசகர்: குஞ்சுக்கு எத்தனை டிகிரி சூடு வேண்டும்?

மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

இசிபிங்கோ அம்மா: என் பையனுக்கு முட்டை சாப்பிட்டால் தடிப்பு வருகிறது.

டாக்டரிடம் காட்டுங்கள் அம்மா, இது நான் சொல்லும் விஷயமில்லை.

டோங்காட் இன்னொரு தம்பி: குஞ்சுக்கு விளக்கு...

மேலே இருக்கிறது தம்பி.

உம்சிண்டோ பாட்டி: கொல்லையில் பத்து நாட்டுக்கோழி. வெள்ளைக்கழிச்சலில் போன வருஷம் எல்லாம் போய்விட்டது.

பாட்டி, அது நியூகாசில் நோயாகத்தான் இருக்கும். வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசிதான். சொட்டு மருந்தாகவே கிடைக்கும், ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், ஏற்கெனவே நோய் கண்ட கோழிக்குப் பயன்படாது. ஒரு குப்பியில் நிறைய கோழிக்கு மருந்து இருக்கும், திறந்தால் வைத்திருக்க முடியாது. அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள், காசும் பங்காகிவிடும்.