கேள்வி – பதில்: கடல் சின்னது, தபால் செலவு பெரிசு

ஐயா, சென்னையில் இருக்கும் என் சிநேகிதி ஒரு நாவலைத் தபாலில் அனுப்பினாள். செலவு கிட்டத்தட்டப் புத்தகத்தின் விலை! டெல்லிக்கு அனுப்பினால் சொற்பக் காசுதானாம். பருத்தித்துறைக்கு எதிரே இருக்கிற நாட்டிலிருந்து வர ஏன் இவ்வளவு? எந்த நாட்டுத் தபால் மலிவு?
– வாசகி, கொக்குவில்

பிள்ளை, தபால் கந்தோருக்கு டெல்லி எவ்வளவு தூரமென்றாலும் உள்நாடு. இலங்கையில் இருக்கிற கொக்குவில் வெளிநாடு. உங்கள் புத்தகம் கோடியக்கரையிலிருந்து நேரே இக்கரைக்கு வருவதுமில்லை. கொழும்புக்குப் போய், சுங்கம் பார்த்து, பிறகுதான் வடக்கே ஏறி வருகிறது.

காசு யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். 1874இல் பேர்ண் நகரில் நாடுகள் கூடி உலகத் தபால் ஒன்றியத்துக்கு வித்திட்டபோது, முத்திரை விற்ற காசை விற்ற நாடே வைத்துக்கொள்ளும், மற்ற நாட்டுக் கடிதத்தைச் சும்மா விநியோகிக்கும் என்று முடிவு. ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், கணக்குச் சரியாகிவிடும் என்ற நினைப்பு. சில நாடுகள் அனுப்புவது அதிகம், பெறுவது குறைவு என்றானதும் அது கட்டுப்படியாகவில்லை. 1969 டோக்கியோ மாநாட்டுக்குப் பிறகு, கூடுதலாக அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வந்தது. ஆகவே சென்னையில் உங்கள் சிநேகிதி கட்டிய காசில் விமானக் கூலியும் இருக்கிறது, கொக்குவிலில் சைக்கிள் மிதிக்கும் நம்மூர்த் தபால்காரருக்கான பங்கும் இருக்கிறது. டெல்லிப் பொதிக்கு இது எதுவும் இல்லை.

அந்தச் ‘சொற்பக் காசு’ அநேகமாக ஞான் போஸ்ட் ஆக இருக்கும். 2025 மே 1இல் இந்தியத் தபால் துறை தொடங்கியது. பாடநூல், சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. நல்ல திட்டம், நமக்கும் ஒன்று வேண்டும். ஆனால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

எது மலிவு என்றால், உள்நாட்டுக் கடிதத்தில் இந்தியாதான். அங்கே 20 கிராம் கடிதத்துக்கு 5 ரூபாய். இங்கே 15 ரூபாயாக இருந்தது 2022 ஆகஸ்டில் 50 ஆனது. உடனே ‘இந்தியாவைவிடப் பத்து மடங்கு’ என்று நம்மவர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் காசு சுமார் மூன்றரை ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள், மூன்று மடங்கு அளவில்தான் வரும். அதுவும் கொஞ்சமல்ல, சரி. பொதி என்றால் ஒரே நிறை, ஒரே சேவை என்று வைத்துத்தான் இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். சாதாரணத் தபாலையும் விரைவுத் தபாலையும் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிக்கக்கூடாது.

நான் கவுண்டரில் இருந்த காலத்தில், பொதியைத் தராசில் வைத்து நிறை சொன்னதும் சிலர் அங்கேயே ஒட்டுநாடாவை உரித்து, உள்ளே வைத்த தடித்த அட்டையை எடுத்துப்போட்டு, ‘இப்ப பாருங்கோ’ என்பார்கள். கெட்டிக்காரர்கள்! ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்கான காசுதான். சிநேகிதிக்கும் சொல்லுங்கள். அவசரமில்லாத புத்தகம் என்றால், சென்னை–பலாலி விமானத்திலோ நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலிலோ வரும் ஒருவரின் பையில் வைத்துவிடச் சொல்லலாம். தபால் கந்தோரில் இருந்தவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

அந்தக் காலத்தில் இந்தியக் கடிதங்கள் கப்பலில் வந்தனவாமே?
– வாசகர், சாவகச்சேரி

வந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். ‘போட் மெயில்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி போயிற்று. தலைமன்னாரில் இறங்கி யாழ்ப்பாணம் வருபவர்கள் மதவாச்சியில் ரயில் மாறினார்கள். கொழும்புவரை போகத் தேவையிருக்கவில்லை.