"என்னை எப்ப சைட்டுக்கு அனுப்புவீங்க?" – வாசகர் கேள்வி பதில்

பில்டிங், பாலம், மெட்ரோ, ரயில்வே, ரோடுன்னு இந்த வேலைல இருக்கிற பொண்ணுங்களும் வரணும்னு நினைக்கிறவங்களும் கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம். அப்பா ஒருத்தர், அம்மாவுக்காக எழுதின பையன் ஒருத்தர்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: அக்கா, சிவில் முடிச்சு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. என்கூட சேர்ந்த பசங்க எல்லாம் மேம்பாலம் சைட்ல இருக்காங்க, என்னை மட்டும் ஆபீஸ்ல டாக்குமென்ட் வேலைல உட்கார வச்சிருக்காங்க. கேட்டா "உன் நல்லதுக்குத்தான்மா, வெயில்ல எதுக்குக் கஷ்டப்படணும்"ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: இந்த "உன் நல்லதுக்குத்தான்" நிறைய பேர் கடிதத்துல இருக்கு. சொல்றவங்க கெட்ட எண்ணத்தோட சொல்றாங்கன்னு நான் சொல்லல, ஆனா அதுல நஷ்டம் உங்களுக்குத்தான், அதுவும் இப்ப தெரியாது, ஏழெட்டு வருஷம் கழிச்சு ப்ராஜெக்ட் மேனேஜர் போஸ்டுக்கு ஆள் பார்க்கும்போதுதான் தெரியும். அப்ப "எத்தனை பைல் (மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற அஸ்திவாரத் தூண்) போட்டிருக்க, எத்தனை ஸ்பான் (ரெண்டு தூணுக்கு நடுவுல வர்ற பாலத் துண்டு) ஏத்தியிருக்க, கான்கிரீட் போடற நடுவுல கலவை ப்ளான்ட் நின்னப்ப என்ன பண்ணின"ன்னுதான் கேப்பாங்க, ஃபைலை எவ்வளவு ஒழுங்கா அடுக்கினேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால முதல் மூணு நாலு வருஷத்தை சைட்டுக்குக் கொடுங்க, அதுக்கப்புறம் டிசைனோ ப்ளானிங்கோ பிடிச்சா தாராளமா போங்க, சைட் பார்த்துட்டு டிசைனுக்குப் போறவங்க போடுற ட்ராயிங்கே வேற மாதிரி இருக்கும்.

எப்படிக் கேக்கறதுன்னா, வாயால மட்டும் கேக்காதீங்க. மெயில் போடுங்க, "எனக்கு சைட் அனுபவம் வேணும்"னு பொதுவா எழுதாம, "அடுத்த மாசம் தொடங்கற பியர் கேப் (பாலத் தூணோட தலைப்பகுதி) வேலைல கம்பி செக்கிங்கும் போர் கார்டும் (கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடற தாள்) நான் பார்க்கிறேன்"னு குறிப்பா ஒரு வேலையைக் கேளுங்க. குறிப்பா கேட்டா அவங்க ஆமான்னோ இல்லைன்னோ சொல்லியாகணும், பொதுவா கேட்டா "பாக்கலாம்மா"ன்னு போயிடும். கேட்டுட்டு சும்மா இருக்காம பார் பென்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பி, எவ்வளவு நீளம், எப்படி வளைக்கணும்ங்கற பட்டியல்) ஒண்ணு நீங்களே போட்டு சைட்ல வந்த கம்பியோட ஒத்துப் பாருங்க, சர்வே டீமோட காலைல ஒரு மணி நேரம் போய் லெவல் எடுங்க. மறுபடி மறுபடி கேட்டும் நகரலைன்னா கம்பெனி மாறுங்க, இதை நான் யோசிச்சுத்தான் சொல்றேன்.

வெயில்ல கஷ்டம்ங்கற பேச்சுக்கு ஒரு உதாரணம். செனாப் ரயில் பாலம் தெரியும்ல, ஆத்துல இருந்து 359 மீட்டர் உயரம், ஆர்ச் மட்டும் 467 மீட்டர், 2025 ஜூன்ல திறந்தாங்க. அந்த மலைச்சரிவு நிக்குமா, அஸ்திவாரம் தாங்குமான்னு வருஷக்கணக்கா பார்த்தவங்கள்ல முக்கியமானவர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் மாதவி லதா. தோண்டத் தோண்ட பாறை வேற வேற மாதிரி வந்துச்சு, விரிசலும் மடிப்புமா, முதல்ல போட்ட டிசைனை அப்படியே வச்சுக்க முடியல, பாறை காட்டுற நிலைமைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டே போனாங்க. அந்த முடிவை எல்லாம் மலையைப் பார்க்காம எடுக்க முடியுமா?

கேள்வி: மேடம், நான் சைட் இன்ஜினியர்தான், ஆனா ஆளுங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்க. ஃபோர்மேனுக்கு எங்க அப்பா வயசு. நான் ஒண்ணு சொன்னா எனக்கு ஜூனியரா வந்த பையன்கிட்ட போய் "சார் இது சரியா"ன்னு கேக்கறாங்க.

பதில்: முதல்ல அந்தப் பையன்கிட்ட பேசுங்க. "என்கிட்ட கேக்க வேண்டியதை உன்கிட்ட கேட்டா, அவங்களைக் கேளுங்கன்னு திருப்பி அனுப்பு"ன்னு நேரா சொல்லுங்க. பெரும்பாலான பசங்க செய்வாங்க, இதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

ஃபோர்மேன் விஷயம் வேற. அவருக்கு உங்களைவிட வேலை தெரியும், அதை மதிச்சு "அண்ணே, இந்த ஷட்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கற பலகை அச்சு) எப்படி நிறுத்தப்போறீங்க"ன்னு கேட்டுக் கத்துக்குங்க, அதுல உங்க மரியாதை குறையாது. ஆனா ஒரு இடத்துல விட்டே கொடுக்கக் கூடாது, அது கான்கிரீட்ல தண்ணி. கான்கிரீட் இறுகலா இருக்கு, பம்ப்ல போகல, ரெண்டு வாளி தண்ணி ஊத்துன்னு யாராவது சொல்லுவாங்க, புதுசா வந்த இன்ஜினியர் என்ன பண்றாருன்னு மொத்த கேங்கும் பார்க்கும். தண்ணி கூடினா வாட்டர் சிமென்ட் ரேஷியோ, அதாவது சிமென்ட்டுக்குத் தண்ணி எவ்வளவுங்கற விகிதம், ஏறும், ஸ்ட்ரெங்த் இறங்கும், அதே கான்கிரீட்ல சாம்பிளா போட்டு வச்ச 150 மில்லிமீட்டர் க்யூபை 28 நாள் கழிச்சு உடைக்கும்போதுதான் தெரியும், அப்ப தூணை இடிக்கிறதா வேண்டாமான்னு கேள்வி வரும். கான்கிரீட் எவ்வளவு இளகலா இருக்குன்னு பார்க்கற ஸ்லம்ப் கோனை நீங்களே எடுத்துப் போய் டெஸ்ட் பண்ணுங்க, சரியில்லைன்னா வண்டியைத் திருப்பி அனுப்புங்க, டெலிவரி நோட்ல காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சத்தம் போடத் தேவையே இல்ல. இப்படி ஒரு தடவை நடந்துட்டா அடுத்த வாரத்துல இருந்து உங்ககிட்டதான் வருவாங்க.

நியூயார்க் புரூக்ளின் பாலத்துல சீஃப் இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872ல கெய்சன் நோய் (ஆத்துக்கு அடியில அழுத்தக் காத்துல வேலை பார்த்துட்டு வெளிய வர்றவங்களுக்கு வர்ற நோய்) வந்து படுத்துட்டார். சைட்டுக்கும் அவருக்கும் நடுவுல நின்னு வேலையை நடத்தினது அவர் மனைவி எமிலி. சும்மா தகவல் கொண்டு போய்க் கொடுக்கல, பொருள்களோட வலிமை, கேபிள் கணக்கு எல்லாம் படிச்சுக்கிட்டாங்க, அதனாலதான் உதவி இன்ஜினியருங்களும் கான்ட்ராக்டருங்களும் அவங்ககிட்டயே நேரா பேசினாங்க. 1883ல பாலம் முடிஞ்சப்ப அதுமேல முதல்ல போனதும் அவங்கதான். கணக்கு தெரிஞ்சவங்க பேச்சை கேக்க வேண்டிய கட்டாயம் சைட்டுக்கே இருக்கு.

கேள்வி: டாய்லெட் இல்ல அக்கா. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கேன். இதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு கூச்சமா இருக்கு.

பதில்: தயவுசெஞ்சு தண்ணி குடிங்க. தண்ணி குடிக்காம வெயில்ல நின்னா யூரின் இன்ஃபெக்ஷன் வரும், மயக்கம் வரும், உயரத்துல நிக்கும்போது தலை சுத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. இது சேஃப்டி விஷயம், அதனால சேஃப்டி மீட்டிங்லயே கொண்டு வாங்க, தனியா போய் யார்கிட்டயும் கெஞ்சாதீங்க. கட்டுமான வேலைக்குன்னே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988ல போட்ட 167ஆம் ஒப்பந்தத்துல ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா கழிப்பறை, கழுவுற வசதி வேணும்னு எழுதியே இருக்கு, அதாவது உங்களுக்குத் தோணின புது ஆசை இல்ல இது.

கேக்கும்போது நாலு விஷயம் சேர்த்துக் கேளுங்க: உள்ள இருந்து போடுற தாழ்ப்பாள், லைட், தண்ணி, நாப்கின் போட மூடி வச்ச டப்பா. ரோடு, ரயில்பாதை மாதிரி கிலோமீட்டர் கணக்கா நீண்டு போற வேலைன்னா ஒரே இடத்துல கட்டி வச்சுப் பிரயோஜனம் இல்ல, வேலை நகர நகர கூடவே நகர்ற டாய்லெட் வேணும், டெண்டர் போடும்போதே அதுக்குக் காசு ஒதுக்கணும். இன்னொண்ணு, அங்க வேலை செய்யற சித்தாளு அக்காங்களுக்கும் அதே கஷ்டம்தான், அவங்க கேட்டா யார் காதுலயும் விழாது. நீங்க கேக்கும்போது அவங்களுக்கும் சேர்த்தே கேளுங்க, ஸ்டாஃபுக்கு மட்டும் ஒண்ணு கட்டி சாவியை உங்க கைல கொடுத்தா ஒத்துக்காதீங்க.

கேள்வி: எங்கம்மா இருபது வருஷமா சித்தாள். கல்லு, மண்ணு, கலவை சுமந்தே முட்டி தேய்ஞ்சிடுச்சு. கூட வந்த ஆம்பளைங்க எல்லாம் கொத்தனார் ஆயிட்டாங்க. இப்பவாவது அம்மாவால முடியுமா?

பதில்: முடியும் தம்பி. உன் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். கட்டட வேலைல பெண்கள் புதுசா வர்றாங்கன்னு பேசறாங்க, உங்கம்மா மாதிரி லட்சக்கணக்கான பேர் எப்பவோ வந்துட்டாங்க, தலைல சுமையை ஏத்தி விட்டாங்களே தவிர கைல கரண்டியை யாரும் கொடுக்கல. அதுதான் பிரச்சனை. கூலில வித்தியாசம் வர்றதும் அங்கதான், சுமைக்கு ஒரு கூலி, கைவேலைக்கு ஒரு கூலி.

உங்கம்மாவுக்கு பாதி வேலை ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். எந்தக் கலவை பூச்சுக்கு, எது கட்டுக்கு, எவ்வளவு தண்ணி, செங்கலை எவ்வளவு நேரம் நனைக்கணும்னு இருபது வருஷமா பார்த்த கண்ணு அது. மீதி இருக்கிறது தூக்குக்குண்டு பிடிக்கிறது, ரசமட்டம் பார்க்கறது, பூச்சைத் தேய்ச்சு மட்டமாக்கற மணியாசு கட்டை ஓட்டறது, மூலை மட்டம் எடுக்கறது. இதெல்லாம் சில மாசம் கை பழகினா வரும். ஜார்க்கண்ட்ல கிராமத்துக் கழிப்பறை கட்ட ஆள் பத்தாம பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, இன்னைக்கு அவங்களை ராணி மிஸ்திரின்னுதான் (மிஸ்திரின்னா கொத்தனார்) கூப்பிடறாங்க, அவங்கள்ல நிறைய பேர் அதுக்கு முன்னாடி இந்த வேலையைத் தொட்டதே கிடையாது. உங்கம்மா அவங்களைவிட எவ்வளவோ முன்னாடி இருக்காங்க.

ஒரு யோசனை, இப்ப சித்தாளா இருக்கிற அதே கேங்ல கத்துக்க வேண்டாம். அங்க கரண்டியைக் கைல எடுத்த பத்தாவது நிமிஷம் "அக்கா கலவை கொண்டா"ன்னு குரல் வரும். அரசுப் பயிற்சியோ தொண்டு நிறுவனப் பயிற்சியோ பக்கத்துல இருக்கான்னு விசாரி, ஏற்கெனவே தெரிஞ்ச வேலையைச் சோதிச்சுப் பார்த்து சர்டிஃபிகேட் கொடுக்கற திட்டமும் பல இடத்துல இருக்கு. முட்டி வலி இருக்கிறதால தரைல உட்கார்ந்து செய்யற டைல்ஸ் வேலை வேண்டாம், செங்கல் கட்டும் நின்னுக்கிட்டே செய்யற சுவர்ப் பூச்சும் பார்க்கட்டும். தெரிஞ்ச பெண்கள் இன்னும் ரெண்டு மூணு பேர் சேர்ந்தா சின்னதா ஒரு காம்பவுண்ட் சுவர், ஒரு பாத்ரூம்னு தனியாவே கான்ட்ராக்ட் எடுக்கலாம்.

கேள்வி: என் பொண்ணு மெட்ரோ டனல் வேலைக்குப் போறேங்கறா. பொண்ணுங்க சுரங்கத்துக்குள்ள போகக் கூடாதுன்னு சொல்வாங்களே? பயமா இருக்கு. – ஒரு அப்பா

பதில்: ஐயா, அந்த நம்பிக்கை உலகம் பூரா இருந்திருக்கு. ஜப்பான்ல மலை தெய்வம் ஒரு பெண், இன்னொரு பெண் உள்ள வந்தா பொறாமைல டனலை இடிச்சிடும்னு நம்பினாங்க, சட்டமே பெண்களைத் தடுத்துச்சு, 2007லதான் பெண் இன்ஜினியருங்க உள்ள போகலாம்னு மாத்தினாங்க. லண்டன் கிராஸ்ரெய்ல்ல தோண்டின 8 மெஷினுக்கும் ஃபில்லிஸ், ஏடான்னு பெண்கள் பேர்தான் வச்சாங்க, மொத்தம் 42 கிலோமீட்டர் டனல், பெண்கள் உள்ள வேலை பார்த்தே நல்லபடியா முடிஞ்சுது.

உங்க பயம் நியாயமானது, ஆனா வேற விஷயத்துக்குப் பயப்படுங்க. உள்ள காத்தோட்டம் எப்படி, கேஸ் மானிட்டர் இருக்கா, உள்ள போறவங்க வர்றவங்க கணக்கை வாசல்ல வைக்கறாங்களா, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா வண்டி இருக்கா, தங்கற இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கா. இதைப் பொண்ணைக் கேக்கச் சொல்லுங்க. வேலை இடத்துத் தொந்தரவு பத்தி 2019ல வந்த 190ஆம் பன்னாட்டு ஒப்பந்தம், வேலைக்குப் போற வர்ற வழியையும் கம்பெனி கொடுக்கற தங்குமிடத்தையும்கூட வேலை இடமாத்தான் கணக்குல எடுக்குது. அதனால கேம்ப்ல நடந்தா கம்பெனிக்குப் பொறுப்பில்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: ஹார்னஸ் (உயரத்துல விழாம இருக்க உடம்புல கட்டற பெல்ட்), க்ளவுஸ் எல்லாம் பெரிய சைஸ்தான் இருக்கு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கறாங்க.

பதில்: பண்ணாதீங்க. தொளதொளன்னு இருக்கிற ஹார்னஸ் விழும்போது உடம்புல இருந்து நழுவும், இல்லைன்னா தப்பான இடத்துல இறுக்கும். பெரிய க்ளவுஸ் சுத்தற மெஷின்ல மாட்டும். சைஸ் சரியில்லாததை உங்க கைல கொடுத்துட்டு சேஃப்டி கொடுத்துட்டோம்னு கணக்கு எழுத முடியாது. அமெரிக்கால கட்டுமான வேலைக்கு, உபகரணம் ஆளுக்குச் சரியா பொருந்தணும்னு 2025 ஜனவரில இருந்து விதியாவே எழுதிட்டாங்க. சின்ன சைஸ் மார்க்கெட்ல இருக்கு, வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போடச் சொல்லுங்க, வர்ற வரைக்கும் உயரத்துக்கு ஏறாதீங்க.

கேள்வி: இன்ஜின் ஓட்டணும்னு ஆசை. உடம்புல பலம் வேணும்ங்கறாங்களே?

பதில்: கண்ணு நல்லா தெரியணும், சிக்னல் மறக்கக் கூடாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் கவனம் சிதறக் கூடாது, இதுதான் அந்த வேலைக்குத் தேவையான பலம். சுரேகா யாதவ் 1988லேயே ரயில் ஓட்ட வந்தவர், 2023ல வந்தே பாரத் ஓட்டினார். மாஸ்கோ மெட்ரோல பெண்கள் ஓட்ட ரொம்ப வருஷம் தடை இருந்துச்சு, 2021ல நீக்கினதும் ஓட்ட வந்துட்டாங்க. நடுவுல அவங்க உடம்பு ஒண்ணும் மாறல, விதிதான் மாறுச்சு.

கேள்வி: கர்ப்பமா இருக்கேன். சொன்னா சைட்டை விட்டே எடுத்துடுவாங்களோன்னு இன்னும் சொல்லல.

பதில்: சொல்லிடுங்கம்மா, இன்னைக்கே. வெல்டிங் டெஸ்டுக்கு எக்ஸ்ரே எடுக்கற இடம், ரோலர் அதிர்வு, எபாக்ஸி வாசம், உயரம், இதெல்லாம் தவிர்க்கணும், அவங்களுக்குத் தெரியாம உங்களால தவிர்க்க முடியாது. ஆனா சொல்லும்போது கூடவே ஒரு லிஸ்ட் கொடுங்க: இதையெல்லாம் செய்ய மாட்டேன், மெத்தட் ஸ்டேட்மென்ட் (வேலையை எப்படிச் செய்யப்போறோம்னு எழுதற அறிக்கை), பில் சரிபார்க்கறது, ப்ளானிங், டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் நான் பார்க்கிறேன், லீவு முடிஞ்சு இந்த ப்ராஜெக்ட்ல இந்தப் பொறுப்புக்கே திரும்பறேன். இதை மெயில்ல வாங்கி வச்சுக்குங்க. லீவுல இருக்கும்போது வீக்லி ரிப்போர்ட் மட்டும் அனுப்பச் சொல்லுங்க, படிக்க நேரம் இருந்தா படிங்க, இல்லைன்னா விடுங்க.

கேள்வி: டிப்ளமோ கடைசி வருஷம். ட்ரோன் சர்வே படிக்கவா, பிம் (BIM, கட்டடத்தை கம்ப்யூட்டர்ல முப்பரிமாண மாடலா போடறது) படிக்கவா?

பதில்: ரெண்டுமே நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னாடி ஆட்டோ லெவலும் (உயர வித்தியாசம் அளக்கற கருவி) டோட்டல் ஸ்டேஷனும் (தூரமும் கோணமும் அளக்கற கருவி) கைல பழகணும். காலேஜ் ஆட்டோ லெவலை எடுத்துட்டுப் போய் கருவி சரியா இருக்கான்னு பார்க்கற டூ பெக் டெஸ்ட் நீங்களே பண்ணிப் பாருங்க, ரெண்டு முளை, நடுவுல வச்சு ஒரு ரீடிங், ஒரு முளை பக்கத்துல வச்சு ஒரு ரீடிங், உயர வித்தியாசம் ரெண்டு தடவையும் ஒண்ணா வரணும். வரலைன்னா லெவல் பார்வைக் கோடு சாய்ஞ்சிருக்கு. க்ரூப் ப்ராக்டிகல்ல எப்பவும் பொண்ணுங்களை புக்ல எழுத விட்டுட்டு பசங்க லெவல் பார்ப்பாங்க, அடுத்த க்ளாஸ்ல புக்கை அவங்க கைல கொடுத்துட்டு நீங்க லெவல் பக்கம் போய் நில்லுங்க.